நாலு மணி மலை

என் அன்புக் கேள்விப்பெட்டிக்கு,

அப்பா எழுதுகிறேன். நாங்கள் இருவரும் நலம். படியேறும்போது மட்டும் என் முழங்கால் முனகுகிறது. அதற்குக் காரணம் நீதான், பிறகு சொல்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். எனக்குக் காது மந்தம் என்று ஸ்பீக்கரில் போட்டுப் பேசப் பழக்கியவள் நீ. நீ சொல்வது என் காதுக்கு வருவதற்குள் ஜன்னலோரம் தையல் மெஷினில் இருக்கும் உன் அம்மாவுக்குப் போய்விடுகிறது. அதனால்தான் இந்த ஏற்பாடு. சாக்கடை அடைப்பு பற்றி நகராட்சிக்கு மனு எழுதுவதாக அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். இவ்வளவு நீளமாகவா என்று ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

நேற்று நீ கம்ப்யூட்டரில் செய்த புதுப் படத்தை நம் குடியிருப்போர் சங்கத்து ஹாலில் காட்டினார்கள். மென்று முழுங்காமல் நேராகச் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பெருமை தாங்கவில்லை. முப்பத்தொரு வருடம் ஒரு விபத்தும் இல்லாமல் பஸ் ஓட்டினேன் என்று டிப்போவில் கூப்பிட்டுக் கைகுலுக்கிக் கடிகாரம் கொடுத்தார்களே, அன்றுகூட நான் இப்படி நெஞ்சை நிமிர்த்தி உட்காரவில்லை.

போன முறை நடந்ததை நீயும் மறந்திருக்க மாட்டாய். நம்முடைய இந்தப் பழைய கட்டடத்தை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டினால் எப்படியிருக்கும் என்று காட்டக் கட்டுமானக் கம்பெனி கொண்டுவந்த முதல் படம் அது. கட்டடம் ஜோராகத்தான் இருந்தது. வினை பின்னால் இருந்தது. நம் ஒற்றை மலை இருக்க வேண்டிய இடத்தில் மூன்று சிகரம் வைத்த யாருடைய மலையோ நின்றது. பக்கத்து மரத்தைப் போலவே கரும்பச்சை. ஓரத்தில் கத்தரித்த மாதிரி ஒரு வெள்ளைக் கோடு வேறு. உன் அம்மா எழுந்து நின்றாள். "சூரியன் மலைக்குப் பின்னால இருக்கு. கட்டடத்தோட நிழலும் மலைப் பக்கமே விழுது. அப்போ வெயில் எந்தப் பக்கத்துலேருந்து வருது?" என்று கேட்டாள். ஹாலே சிரித்தது. கம்பெனி மேனேஜரும் சிரித்துக்கொண்டே, "உங்க பொண்ணு செஞ்ச படம்தாம்மா இது" என்றார். அப்புறம் யாரும் சிரிக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல் உனக்குப் போன் போட்டாள். "இருபது வருஷம் உன் ஜன்னலுக்கு நேரா நின்ன மலைய உனக்கே தெரியலையா? பொய்ப்படம் காட்டவா இவ்வளவு படிச்ச?" என்றாள். நீ பட்டென்று வைத்துவிட்டாய். நேரம் நெருக்கியது, கையில் இருந்த ஏதோ ஒரு மலைப் படத்தை எடுத்து ஒட்டிவிட்டேன் என்று மறுநாள் அவள் கடைக்குப் போயிருந்த நேரத்தில் என்னிடம் அழுதாய். அதை அவளிடம் சொல்லியிருந்தால் அன்றே முடிந்திருக்கும். ஆனால் இரண்டு பேருக்கும் ஒரே மூக்கு, அதன் நுனியில் ஒரே கோபம். இரண்டு மாதம் இந்த வீட்டில் உன் பெயரைச் சொல்லாமல் "உங்க பொண்ணு" என்றே ஓட்டினாள்.

இப்போது முழங்காலுக்கு வருகிறேன். படத்தைத் திருத்துவதற்காக நம் மலையைப் படமெடுத்து அனுப்பச் சொன்னாய். பதினொரு நாள், சரியாக நாலு மணிக்கு, மொட்டைமாடிக்குப் படியேறி, தண்ணீர்த் தொட்டிச் சுவரில் போனை அசையாமல் சாய்த்து வைத்து எடுத்தேன். முதல் மூன்று நாள் படத்தில் மலையைவிட என் கட்டைவிரல் பெரிதாக இருந்தது என்று நீ திட்டியது நினைவிருக்கட்டும். தொட்டியில் தண்ணீர் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டாம் நாள் உன் அம்மா, "தண்ணி பாக்க எதுக்குத் தலைய சீவிக்கிட்டுப் போறீங்க?" என்று கேட்டாள். சீப்பை வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன். நேற்றுதான் எனக்கு ஒன்று உறைத்தது. மொட்டைமாடிக் கொடியில் எப்போதும் அவள் காயப்போடும் துணி இருக்கும். அந்தப் பதினொரு நாளில் நாலு மணிக்கு ஒரு துணிகூட மலைக்குக் குறுக்கே தொங்கவில்லை.

இனி நேற்றைய கதை. விளக்கை அணைத்தார்கள். வாசலில் ஆரம்பித்து, மரங்களைத் தாண்டி, மெல்ல மேலே ஏறியது படம். முதலில் எதிர்த்தெருக் கூரைகள், அப்புறம் ஊர், அப்புறம் நம் மலை. சாம்பலும் நீலமுமாக, அடிவாரம் புகையில் கரைந்து, எங்கே ஊர் முடிகிறது எங்கே மலை ஆரம்பிக்கிறது என்று தெரியாமல் நின்றது. நிழலெல்லாம் எங்களைப் பார்த்து விழுந்தது. தூரம் போகப்போக ஒவ்வொன்றிலும் கொஞ்சம் கொஞ்சமாக வானத்தின் நிறத்தைக் கலக்க வேண்டும், கிட்டே இருப்பது வேகமாக நகர வேண்டும், தூரத்தில் இருப்பது நகர்வதே தெரியக்கூடாது என்று நீ போனில் சொன்னபோது தலையாட்டி வைத்தேன். நேற்று கண்ணால் பார்த்தேன். டிரைவர் சீட்டில் உட்கார்ந்தால் மைல்கல் ஓடும், மலை மட்டும் கூடவே வரும். அதேதான் திரையில் நடந்தது. என் வலது கால் தன்னால் பிரேக்கைத் தேடியது.

கல்குவாரி கடித்த அந்தப் பள்ளமும் அப்படியே இருந்தது. மரம் வைத்து அதை மூடச் சொல்லி மேனேஜர் எவ்வளவோ கேட்டாராம். "அத மூடிட்டா அது எங்க மலை இல்ல சார்" என்று நீ மறுத்துவிட்டாயாம். சங்கச் செயலாளர் எல்லோர் முன்னாலும் இதைச் சொன்னார். கைதட்டல் எழுந்தது. நானும் தட்டினேன். சொந்த மகளுக்குத் தட்டலாமா கூடாதா என்றெல்லாம் யோசிக்கவில்லை.

உன் அம்மா தட்டவில்லை. எழுந்து நின்றாள். போன முறையும் இப்படித்தான் எழுந்தாள். "கடைசிப் பகுதிய மறுபடி போடுங்க" என்றாள். போட்டார்கள். திரைக்குப் பக்கத்தில் போய், கண்ணாடியை நெற்றிக்குத் தூக்கிவிட்டு, மலையும் வானமும் சேரும் இடத்தை அந்தக் கோடியிலிருந்து இந்தக் கோடிவரை பார்த்தாள். யாராவது தைத்த சட்டையைக் கொடுத்தால் உள்பக்கம் திருப்பி எப்படிப் பார்ப்பாளோ அப்படி. பிறகு திரும்பி, "எங்க தைச்சிருக்கான்னே தெரியல" என்றாள். நாற்பது வருடத்தில் ஒரு தையல்காரரைப் பற்றியும் அவள் இப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. முன் வரிசையில் இருந்தவர்களிடம், "என் பொண்ணு செஞ்சது" என்றாள். கேட்டாயா, "உங்க பொண்ணு" இல்லை.

எல்லாம் சுபம் என்று நினைத்துவிடாதே. கட்டடத்தை இடித்துக் கட்ட, நாற்பத்தெட்டு வீட்டில் நாற்பத்தேழு பேர் சம்மதக் கையெழுத்துப் போட்டாயிற்று. உன் அம்மா பேனாவைத் தொடவில்லை. "இது மொட்டைமாடியிலேருந்து தெரியுற மலை. என் மெஷினு நாலாவது மாடியில இருக்கு. புது வீட்டு ஜன்னல்லேருந்து தெரியுமா? அத செஞ்சவளே நேர்ல வந்து காட்டட்டும், அப்புறம் போடுறேன்" என்று சொல்லிவிட்டாள். போனில் காட்டச் சொல்லலாமே என்று செயலாளர் கெஞ்சினார். வரைபடம் அனுப்புகிறேன் என்றார் மேனேஜர். ஊஹூம். இன்று காலையிலிருந்து பால் வாங்கப் போனால்கூட என்னைப் பிடித்துக்கொண்டு உன் அம்மாவின் பிடிவாதத்தைப் பற்றிப் புலம்புகிறார்கள். நானும் சேர்ந்து புலம்புகிறேன். ஆனால் வீட்டில் நடப்பது அவர்களுக்குத் தெரியாது. காலையில் அளவு நோட்டை எடுத்து உன் பக்கத்தைத் திறந்து வைத்தாள். "இளைச்சிருப்பாளோ? பழைய அளவு சரிவருமா?" என்று என்னிடம் கேட்டாள். எனக்கு எப்படித் தெரியும் என்றேன்.

நாற்பத்தேழு குடும்பம் உனக்காகக் காத்திருக்கிறது, லீவு போட்டுக்கொண்டு வா என்று முடிக்கலாம் என்றிருந்தேன். இதோ, இப்போதுதான் காபியைக் கொண்டுவந்து வைத்தாள். காகிதத்தை நான் கையால் மறைத்தேன். அவள் அதைப் பார்க்கவே இல்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டு, "நகராட்சிக்கு ஒண்ணு சேத்து எழுதுங்க. வர்றதா இருந்தா நாலு மணிக்குள்ள வந்து சேர்ற பஸ்ஸா பாத்து வரணும். அப்பதான் மலை நல்லாத் தெரியும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

சேர்த்துவிட்டேன் மகளே. உன் கண்ணுக்கும் கைக்கும் ஒரு குறையும் வராமல் இருக்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும்,
அப்பா