வாய்க்கு வந்து சேராத அரிசி

பாசிர் கூடாங்

அன்பு மகன் சுகுமாறனுக்கு அப்பா எழுதிக்கொள்வது. நீயும் மருமகள் லோஷினியும் அந்தக் கனடாக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். இங்கு நாங்கள் அனைவரும் நலம் என்றுதான் அடுத்து எழுத வேண்டும், கை அந்த இடத்தில் நின்றுவிட்டது. நாங்கள் என்று எழுத வீட்டில் இன்னொரு ஆள் இல்லை. உன் அக்கா ரூபினி கருமாதி முடிந்து சிம்பாங் ரெங்கத்துக்குப் போய்விட்டாள், அவளுக்கும் வேலை, பிள்ளைகள் பள்ளிக்கூடம். நான் சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், குறை ஒன்றும் இல்லை. போனில் பேசாமல் ஏன் காகிதத்தில் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் என் முகத்தைக் காட்டினால் ஆப்பை வைத்து அதற்கு மேலும் ஏதாவது பூப்போட்டு விடுவீர்கள் என்ற பயம்தான்.

அம்மா இறந்த அன்று நீ வரவில்லை என்று எனக்குக் கோபம் இல்லை. டயாலிசிஸ் செய்து நொந்த உடம்பு, வைத்திருக்கக்கூடாது, மறுநாளே எடுக்கணும் என்று நான்தான் சொன்னேன். எந்த விமானம் ஏறினாலும் நீ வந்து சேர்ந்திருக்க மாட்டாய், அது எனக்குத் தெரியாதா. என் வயிறு எரிவது நீ வராததற்கு இல்லை, வந்ததற்கு. சந்திரமதி சின்னம்மா மகன் ரூபேந்திரன் போனைத் தூக்கிக்கொண்டு வந்து, "பெரியப்பா, தம்பிய இங்கயே நிக்க வச்சிடுறேன், பாருங்க, நேர்ல நிக்கிற மாதிரியே இருக்கான் லா" என்றான். பார்த்தேன். அந்தப் போன் கண்ணாடிக்குள் அம்மாவின் தலைமாட்டில் நீ வேட்டி கட்டி நின்றாய். நிழல்கூட விழுந்தது. போனைக் கீழே இறக்கினால் அங்கே தரைதான் இருந்தது. கண்ணால் காண்பதும் பொய் என்பார்கள், அதற்கும் ஓர் ஆப் வரும் என்று நான் நினைத்ததில்லை.

வாய்க்கரிசி போடும் நேரத்தில் பக்கத்து வீட்டம்மா, "தள்ளுங்க, தள்ளுங்க, சுகு நிக்கிறான், இடம் விடுங்க" என்று சொல்ல, பெண்கள் எல்லாரும் ஒதுங்கி அந்தக் காலித் தரைக்கு வழிவிட்டார்கள். சடங்கு செய்த பண்டாரமும் அரிசித் தட்டை வைத்துக்கொண்டு காத்து நின்றார். அப்படி ஒதுங்கியவர்களில் சந்திரமதியும் ஒருத்தி. நீ கையை நீட்டி அரிசி போட்டாய், எல்லாரும் போனைப் பார்த்து அழுதார்கள், அதற்குள் நேரம் ஆகிவிட்டது என்று வண்டிக்காரன் அவசரப்படுத்த, பெட்டியை மூடிவிட்டார்கள். அம்மாவோடு கூடப் பிறந்தவள் கையில் பிடித்த அரிசியோடு வாசலில் நின்றாள். உன் அரிசி உன் வீட்டுக் கார்ப்பெட்டில் விழுந்திருக்கும் மகனே, அம்மாவின் வாய்க்கு வந்து சேரவில்லை. சின்னம்மாவின் அரிசி வந்து சேர்ந்திருக்கும், அதை நாம் தடுத்துவிட்டோம். இன்றுவரை அவள் இந்த வீட்டுக்கு வரவில்லை, கூப்பிட எனக்கும் முகம் இல்லை.

இதோடு விட்டிருந்தால்கூட மனசை ஆற்றியிருப்பேன். அந்த ஆப்புக்கு உயிரோடு இருக்கும் முகம் எது, செத்த முகம் எது என்று தெரியவில்லை போலும். உன்னை அழகாக்கிய கையோடு அம்மாவையும் அழகாக்கிவிட்டது. கன்னத்தில் சிவப்பு, உதட்டில் ஒரு சிரிப்பு, மேலுதட்டு மச்சத்தையே காணோம். ரூபேந்திரன் அதை இணையத்தில் ஏற்றிவிட, தெரியாத ஊர்க்காரர்கள் எல்லாம் அம்மா தூங்குற மாதிரி இருக்காங்க, என்ன ஒரு மகன், என்ன பாசம் என்று எழுதினார்கள், நீயும் ஒவ்வொருவருக்கும் கைகூப்பி நன்றி போட்டாய். உன் அம்மா தூங்குகிற மாதிரி இல்லையடா. மஞ்சள் பூத்து, கன்னம் ஒட்டி, பட்ட பாடெல்லாம் தெரிய இருந்தாள். அந்த முகத்தைத்தான் நான் துடைத்துப் பொட்டு வைத்தேன். இப்போது ரூபினி அந்தச் சிரிக்கிற முகத்தைச் சட்டம் போட்டு மாலையும் போட்டு இந்த வீட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாள். விளக்கு ஏற்றும்போது யாரோ ஒரு பெண்பிள்ளைக்கு ஏற்றுவதுபோல் இருக்கிறது. கண்ணை மூடி நினைத்துப் பார்த்தால் எனக்கும் இப்போது அந்தப் பொய் முகம்தான் முதலில் வருகிறது. இதை யாரிடம் போய்ச் சொல்வேன்.

அஸ்தியை மட்டும் நீ வரும்வரை வைத்திருந்தேன். வீட்டுக்குள் வைக்கக்கூடாது என்பதால் பின்பக்கம் மாமரத்தில் கலயத்தைக் கட்டியிருந்தேன். அஸ்தி கரைக்காமல் என்ன கருமாதி என்று பண்டாரம் ஏசினார், என் மகன் வர்றேன்னு சொல்லியிருக்கான் என்று அவரிடம் சண்டை போட்டேன். அப்புறம் உன் வாய்ஸ் மெசேஜ் வந்தது. "அப்பா, லீவு கிடைக்கல. ரூபேன் அண்ணனப் போன் புடிக்கச் சொல்லுங்க, கடல்ல உங்க பக்கத்துலயே நிக்கிறேன், பாக்குறவங்களுக்கு நேர்ல வந்த மாதிரியே இருக்கும்" என்றாய். பார்க்கிறவர்களுக்கு இருக்கும். எனக்கு எப்படி இருக்கும் என்று நீ யோசிக்கவே இல்லை.

நேற்றுக் காலையில் அஸ்தியைக் கரைத்துவிட்டேன். ரூபினிக்கும் சொல்லவில்லை, சொன்னால் கூடவே போன் வரும். ஃபேக்டரி பஸ் ஓட்டிய சின்னத்தம்பியின் மோட்டார் சைக்கிளில் கலயத்தை மடியில் வைத்துக்கொண்டு கடலுக்குப் போனேன். எதிரே எண்ணெய்க் கப்பல்கள் நின்றன, வழக்கமான அந்த ரசாயன வாடை. இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கித் திரும்பி நின்று தோளுக்குப் பின்னால் விட்டேன். நீ கேட்டால் காட்ட என்னிடம் ஒரு படமும் இல்லை. இனி அதற்காக லீவு கேட்டு அலைய வேண்டாம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன், கோபத்தில் சொல்வதாக நினைக்காதே. என் காலம் வரும்போது வர முடிந்தால் வா. முடியாவிட்டால் உன் இடம் காலியாகவே கிடக்கட்டும், அந்த ஆப்பில் மட்டும் வந்து நிற்காதே. பெற்ற பிள்ளை இல்லாத இடத்தைப் பார்த்தாவது யாராவது எனக்காக அழட்டும்.

லோஷினி மாசமாக இருக்கிறாள் என்று ரூபினி சொன்னாள். அம்மாவுக்கு இது தெரியாமல் போய்விட்டது. மருமகளைப் பனியில் பார்த்து நடக்கச் சொல், மாத்திரையை நேரத்துக்குப் போடச் சொல், வெளியே போகும்போது நீயும் காதை மூடிக்கொண்டு போ. இருவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டும். பிறக்கும் பிள்ளை, கடைசிவரை நீ கையை நீட்டினால் எட்டுகிற தூரத்திலேயே இருக்கட்டும். அதைவிடப் பெரிய ஆசீர்வாதம் எனக்குத் தெரியவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா
அர்ச்சுனன்