பிரேக் பிடித்தால் மட்டும்

இந்த நேரத்தில் எழுதுவதற்கு மன்னித்துக்கொள்ளடி. பாப்பா இப்போதுதான் கண்ணசந்தாள். எட்டு மாதமாகிறது, பல் முளைக்கிறது போல. என் இடது கை விரலைக் கடித்தபடியேதான் தூங்குகிறாள். வலது கையை அவளிடம் கொடுக்க மனமில்லை. மூன்று முறை சோப்புப் போட்டும் இரும்பு வாசனை போகவில்லை. இன்று காரிலிருந்து கழற்றிய பழைய பிரேக் டிஸ்க்குகளைத் தூக்கிப் பார்த்த கை அது. ஒரகடம் தொழிற்சாலையில் ஷிப்டு முடித்து என் காரில் ஏறும்போது உன்மேல் வரும் வாசனையும் இதுதான். எனக்குப் பிடிக்காது என்று ஜன்னலை இறக்கிவிடுவேன்.

நீ இறந்து நான்கு மாதம் ஆகிறது. நான்கு மாதமாக வண்டியும் நடுங்குகிறது. இரண்டுக்கும் சம்பந்தம் உண்டென்று நேற்றுவரை எனக்குத் தெரியாது.

பிரசவ விடுப்பு முடிந்து தினமும் கேளம்பாக்கம் போகிறேன். ஆபீஸை ஒட்டியே குழந்தைகள் காப்பகம் இருப்பதால் பாப்பாவும் பின் சீட்டில் வருகிறாள். சிக்னலில் பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் உதறும். மஸ்கட்டில் இருக்கும் அவரிடம் போனில் சொன்னேன். "வண்டிக்கு ஒண்ணும் இல்ல, உனக்குத்தான் கை நடுங்குது. நீ சும்மாவே பயப்படுற ஆளு" என்றார். வண்டியை விற்றுவிடலாம், குழந்தை வளரும்வரை வேலையும் வேண்டாம் என்று அத்தையும் அவரும் பேசி முடித்தேவிட்டார்கள். டயர் கடையில் அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் பார்த்தேன். மறுநாளும் உதறியது. அப்புறம் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது, கைதானோ என்று.

இந்த வண்டியை வாங்கும் முன் ஓட்டிப் பார்க்க வேளச்சேரிக்கு நாம் இருவரும் போனது நினைவிருக்கிறதா? விற்பவர் பேசிக்கொண்டே வந்தார். நீ அவரை, "சார், ரெண்டு நிமிஷம் சத்தம் வேணாம்" என்று அடக்கினாய். ஹாஸ்டலில் நான்கு வருடம் என் அறையில் இருந்த உனக்கு நான் எவ்வளவு மண்டு என்று தெரியும். அதனால் எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய்: "சும்மா ஓடும்போதே ஆடினா சக்கரம். பிரேக் பிடிச்சா மட்டும் ஆடினா டிஸ்க். கையில தெரிஞ்சா முன்னாடி, சீட்டுல தெரிஞ்சா பின்னாடி. அவ்ளோதான்டி மெக்கானிக்கல். இதுக்கு நாலு வருஷம் ஃபீஸ் கட்டினேன்."

போன ஞாயிறு காலை, காய்கறி வாங்கப் போவதாக அத்தையிடம் பொய் சொல்லிவிட்டு, பாப்பாவை அவரிடம் விட்டுக் கிளம்பினேன். வண்டலூர் கேளம்பாக்கம் சாலை காலியாக இருந்தது. அறுபதில் ஓட்டினேன், ஸ்டியரிங் அசையவில்லை. பிரேக் பிடித்தேன், உதறியது. சீட்டில் ஒன்றும் தெரியவில்லை. ஐந்தாறு முறை இப்படியே பார்த்தேன். "என் கை இல்லடி" என்று வாய்விட்டுச் சொல்லிப் பக்கத்து இருக்கையைத் திரும்பிப் பார்த்தேன். சீட் பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது.

நேற்று மாடம்பாக்கத்தில் ஒரு மெக்கானிக்கிடம் விட்டேன். முன்சக்கரத்தைக் கழற்றி, டிஸ்க்கின் விளிம்பில் கடிகாரம் போன்ற ஒரு கருவியைப் பொருத்தி மெல்லச் சுற்றினார். சுற்றச் சுற்ற முள் முன்னும் பின்னும் போனது.

"டிஸ்க்கு பெண்ட் ஆயிகீதுக்கா. சூடா கீறப்போ தண்ணி ஊத்தினீங்களா?"

இல்லை, காலையில் மட்டும்தான் கழுவுவோம் என்றேன்.

"நல்லா யோசிச்சுப் பாருங்க. ஒரே ஒரு தபா போதும்."

யோசிக்கவே வேண்டியிருக்கவில்லை. அவர் சொல்லி முடிக்கும்போதே தெரிந்துவிட்டது.

உன்னைத் தூக்கிய அன்று படப்பையில் உன் வீட்டிலிருந்து நான் எப்படி வண்டி ஓட்டி வந்தேன் என்று எனக்கே தெரியாது. ஐந்து நாள் காய்ச்சலில் ஒருத்தி போய்விட முடியும் என்பதையே மனம் ஒப்பவில்லை. கண்ணீர் மறைத்தது. முடிச்சூர் சாலை நெரிசலில் முன்னால் போகும் வண்டியைக் கடைசி நிமிடத்தில் பார்த்துப் பார்த்து, பிரேக்கை அழுத்தி அழுத்தி வந்தேன். பாப்பாவுக்குப் பால் கொடுத்து ஆறு மணி நேரமாகி மார்பு கல்லாகக் கட்டியிருந்தது. கேட்டில் அத்தை வாளியோடு நின்றார். "துக்க வீட்டுல இருந்து வர்ற. கைக்குழந்தை இருக்கிற வீடும்மா. வண்டிக்கும் தண்ணி ஊத்திட்டு உள்ள விடு."

சக்கரம் சக்கரமாக ஊற்றினேன். உஸ்ஸென்று ஆவி வந்தது.

மலையிறங்கி பிரேக் கொதிக்க வந்த வண்டியை உடனே கழுவப் போன என் கையிலிருந்து நீ ஒருமுறை குழாயைப் பிடுங்கியிருக்கிறாய். அது எனக்குத் தெரியாததில்லை. ஆனால் அன்று குளித்து முடித்தால்தான் பாப்பாவைத் தூக்கலாம் என்பது மட்டுமே மனதில் இருந்தது. அத்தைமேல் எனக்குக் கோபம் இல்லை. குழந்தைக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று அவர் பயந்தார், நானும்தான் பயந்தேன். காரணத்தை அவரிடம் சொல்லவில்லை, சொன்னால் மனம் நொந்துபோவார்.

இன்று இரண்டு டிஸ்க்கும் புதிதாகப் போட்டாகிவிட்டது. மஸ்கட்டுக்குப் போன் செய்து அவரிடம் சொன்னேன். "சரி, முடிஞ்சுதுல்ல" என்றார். நீயாக இருந்தால் முள் எத்தனை கோடு ஆடியது என்று கேட்டிருப்பாய். அதையும் எண்ணி வைத்திருந்தேன். கேட்க ஆளில்லை.

திரும்பி வரும்போது சேலையூர் சிக்னலில் பிரேக் பிடித்தேன். ஸ்டியரிங் அப்படியே நின்றது. அதைப் பிடித்திருந்த என் கைகள் நடுங்கின. பச்சை விழுந்தும் நடுக்கம் நிற்கவில்லை. பின்னாலிருந்தவர்கள் ஹாரன் அடித்துவிட்டு என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். இந்த முறை கைதான். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் வண்டியை விற்றுவிடுவார்கள்.

காலையில் பாப்பாவைப் பின்னால் வைத்துக்கொண்டு மறுபடி கேளம்பாக்கம் போக வேண்டும். வண்டியை எப்படிச் சோதிப்பது என்று சொல்லிக் கொடுத்துவிட்டாய், அது என்னிடம் பத்திரமாக இருக்கிறது. கையை என்ன செய்வது என்று சொல்லவில்லை. சீக்கிரம் பதில் போடுடி.