வலிப்பு என்று எழுதியிருந்த காகிதம்

என் பிரியமான அண்ணா,

பதினோரு வருஷம் கழித்துத் தீர்ப்பு வந்துவிட்டது. முதலில் உன்னிடம்தான் சொல்ல வேண்டும்.

எட்டாவதோடு பள்ளியை விட்டுவிட்டு, ஆட்டோ ஓட்டி என்னை பிளஸ் டூ வரை படிக்க வைத்தவன் நீ. அன்றைக்கு பஸ் ஸ்டாண்டில் ஏறிய ஒரு பயணியை லாட்ஜில் இறக்கிவிட்டாய். கொஞ்ச நேரத்தில் அவர் செயினைக் காணோம் என்றார். போலீஸ் உன்னிடம் முதலில் கேட்டது செயினைப் பற்றியல்ல, எந்தத் தெரு என்றுதான். அடி அண்ணாமலை காலனி என்றாய். அங்கேயே அறைந்து ஜீப்பில் ஏற்றினார்களாம். ஸ்டாண்டு ஆட்கள் ஓடிவந்து சொன்னார்கள்.

நான் ஸ்டேஷனுக்கு வந்தபோது உச்சிவெயில். உன் அலறல் வாசலிலேயே கேட்டது. உள்ளே ஓடினேன். உன்னை பெஞ்சில் குப்புறக் கட்டிப்போட்டு, சப்-இன்ஸ்பெக்டர் உள்ளங்காலில் லத்தியால் அடித்துக்கொண்டிருந்தார்.

"செல்வி, நீ வூட்டுக்குப் போம்மா!" என்று கத்தினாய்.

லத்தியைப் பிடித்தேன். அடுத்த அடி என் மணிக்கட்டில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது.

"காலனிக்காரிக்குத் திமிரப் பாரு. இழுத்து வெளிய போடுங்கடா."

மாலையில் ஆஸ்பத்திரிப் பிணவறையில் உன்னைக் காட்டினார்கள். துணியை விலக்கினேன். காது கிழிந்திருந்தது. பாதங்கள் கருத்து வீங்கியிருந்தன. போலீஸ் நீட்டிய காகிதத்தில் வலிப்பு வந்து இறந்ததாக எழுதியிருந்தது.

"ரேகை வெச்சிட்டு பாடிய எடுத்துனு போ."

"எனக்குக் கையெழுத்து போடத் தெரியும். போட மாட்டேன்."

ஒரு கான்ஸ்டபிள் என் முறிந்த கையைப் பிடித்துக் கட்டைவிரலை மையில் அழுத்தினான். அவனைக் கடித்தேன், அண்ணா. ரத்தம் வந்தும் விடவில்லை.

மூன்று நாள் உன்னை வாங்காமல் தெருவே ஆஸ்பத்திரி வாசலில் உட்கார்ந்தது. அடித்து விரட்டினார்கள். அம்மாவுக்கு மண்டை உடைந்தது. தலையில் கட்டோடு திரும்பவும் வந்து உட்கார்ந்தாள். மறு பிரேதப் பரிசோதனையில் உன் விலா எலும்புகள் நொறுங்கியிருந்தது தெரிந்தது. செயின் அந்தப் பயணியின் பெட்டிக்குள்ளேயே கிடந்ததாம்.

கோர்ட்டில் அந்த ஸ்டேஷன் ஏட்டு ஒருவர் உண்மையைச் சொன்னார். "காலனிப் பசங்கள அடிச்சா எவன் கேக்கப்போறான்னு சொல்லிச் சொல்லித்தான் அடிச்சாருங்க." சொல்லிவிட்டுக் கூண்டிலேயே அழுதார். இத்தனை வருஷம் ஏன் பேசவில்லை என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.

சப்-இன்ஸ்பெக்டருக்கு ஏழு வருஷம். ஆனால் சாதிக்காக அடித்தது நிரூபணமாகவில்லையாம், வன்கொடுமைப் பிரிவை நீக்கிவிட்டார்கள். அப்படியானால் தெருவை எதற்குக் கேட்டார்கள், அண்ணா?

போன வாரம் நம் தெரு பெயிண்டரைப் பிடித்துப் போனார்கள். அதே ஸ்டேஷன் நடுவில் போய் நின்றேன்.

"எதுக்குப் புடிச்சீங்கன்னு எழுதிக் குடுங்க."

"நீ யாரும்மா அவனுக்கு?"

"தங்கச்சின்னு எழுதிக்குங்க."

மதியத்துக்குள் அவர் தன் காலால் நடந்து வெளியே வந்தார்.

அப்பீல் போட்டிருக்கிறேன். உன்னை எதற்காக அடித்தார்கள் என்பதைத் தீர்ப்பில் எழுத வைக்காமல் ஓயமாட்டேன்.

உன் கூடப்பிறந்தவள்,
செல்வி