கை நனைக்கும் வரை

ஜனவரி 9, 2024

ரயிலில் நின்றுகொண்டே குவைத் எண்ணெய் வரலாறு படித்தேன். பக்கத்தில் நின்ற பெண் என் ஃபோனை எட்டிப் பார்த்து, பெட்ரோல் விலை ஏறப்போகிறதா என்று இந்தியில் கேட்டாள். தலையை ஆட்டினேன். ஏறும் என்றா ஏறாது என்றா, எனக்கே தெரியாது.

ஷமீமா மேடம் என் எம்.ஏ. ஆய்வேட்டின் முதல் பாதியைத் திருப்பிக் கொடுத்தார். ஆங்கிலேயக் கம்பெனி வந்தது, அமெரிக்கக் கம்பெனி வந்தது, இரண்டு அரசாங்கமும் பின்னால் நின்று தள்ளின, எல்லாம் சரி. நடுவில் உட்கார்ந்திருந்த குவைத் ஆட்சியாளர் ஷேக் எங்கே என்று கேட்டார். எனக்கும் தெரியவில்லை. கிடைக்கிற கடிதங்கள் எல்லாம் மற்றவர்கள் எழுதியவை.

வீட்டிலும் இதே கதைதான். செம்பூரில் எங்கள் சாலின் ஒற்றை அறை வீடுகளை இடித்துவிட்டு மாடி கட்ட இரண்டு பில்டர்கள் போட்டி போடுகிறார்கள். ஒருவரின் ஆள் இசக்கிதுரை மாமா, இன்னொருவரின் ஆள் சந்தியாகு அண்ணன். இருவரும் நம் ஊர்ப் பக்கத்துக்காரர்கள்தான். பல வருடமாக ஒருவருக்கொருவர் பேச்சு கிடையாது. குடும்பத்துக்கு முந்நூறு சதுர அடி வீடு என்று தொடங்கியது, இவர் ஏற்ற அவர் ஏற்ற, இப்போது இசக்கிதுரை மாமா முந்நூற்றைம்பது என்று கேட் பக்கத்தில் பேனரே கட்டிவிட்டார். நாங்கள் ஐந்து பேர் இருப்பது நூற்றுப்பத்து அடியில்.

அப்பாதான் கமிட்டி செக்ரெட்டரி. அவர் போட்ட சட்டம்: கையெழுத்து ஆகும் வரை அந்த இரண்டு வீட்டிலும் யாரும் கை நனைக்கக் கூடாது. பெண் பார்க்கப் போகிற இடத்தில் சாப்பிட்டால் சம்மதம் என்று ஆகிவிடுமே, அதுபோல.

“ஒரு டீ கூடவா அண்ணாச்சி?” என்றார் இசக்கிதுரை மாமா.

“டீயெல்லாம் கையெழுத்து ஆகுற அன்னைக்கு.”

ஜனவரி 16

1932-ல் லண்டனில் இருந்த அமெரிக்கத் தூதரின் குடும்பத்துக்கே அந்த அமெரிக்கக் கம்பெனியில் பெரும் பங்கு. கம்பெனிக்காகப் பேசினாரா, நாட்டுக்காகப் பேசினாரா? குவைத்தில் அன்று புழங்கியது நம் இந்திய ரூபாய் என்பதும் இன்றுதான் தெரிந்தது. அப்பாவிடம் சொன்னேன். “அப்ப நம்ம காசுதான்னு சொல்லு” என்று சிரித்தார்.

இரண்டு கம்பெனியும் முட்டிக்கொள்ளும் வரை ஷேக்குக்குக் கொண்டாட்டம்.

ஜனவரி 19

1933 டிசம்பர். இரண்டு கம்பெனிகளும் ஆளுக்குப் பாதி என்று தங்களுக்குள் முடித்துக்கொண்டன. அடுத்த வருடம் இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்தே வந்து ஷேக்கின் முன் உட்கார்ந்தார்கள். இனி யாரைக் காட்டி யாரிடம் ஏற்றிக் கேட்பார்?

ஜனவரி 21

சந்தியாகு அண்ணன் பேரனுக்கு ஞானஸ்நானம், ஹாலில் விருந்து. அம்மாவுக்குச் சேலைக் கடையில் வேலை என்பதால் அன்பளிப்பை என்னிடம் கொடுத்தாள். “வாசலோட குடுத்துட்டு வந்துரு, உக்காந்துராத” என்றார் அப்பா.

கொடுக்கும்போது உள்ளே பார்த்தேன். முதல் பந்தியில் இசக்கிதுரை மாமா. சந்தியாகு அண்ணன் வாளியைத் தன் கையிலேயே பிடித்துக்கொண்டு அவர் இலைக்குக் கறி வைத்துக்கொண்டிருந்தார். மாமா கையால் தடுக்க, அண்ணன் அந்தக் கையை விலக்கிவிட்டு இன்னும் வைத்தார்.

1933 டிசம்பர்.

அப்பாவிடம் சொன்னேன். “விசேஷ வீட்டுல பகையாளியும்தான் சாப்பிடுவான். இதுக்குப் போயி…” என்றார்.

அம்மா மட்டும் துணி மடிப்பதை நிறுத்தினாள். “ஏட்டி, சந்தியாகே வெளம்புனானா? அவன் கையாலயா?”

ஜனவரி 28

இப்போதுதான் வீடு திரும்பினோம்.

கணபதி மண்டபத்தில் கூட்டம். இரண்டு பேரும் கடைசி வார்த்தை சொல்ல வந்தார்கள். ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தார்கள். மார்க்கெட் படுத்துவிட்டது, முந்நூற்றுப்பத்துக்கு மேல் முடியாது என்றார் சந்தியாகு அண்ணன். இசக்கிதுரை மாமாவும் முந்நூற்றுப்பத்து என்றார். ஒரே எண்.

எல்லோருக்கும் பயம் வந்துவிட்டது. இதையும் விட்டால் இதுவும் போய்விடும், இன்றே போட்டுவிடுவோம் என்று நாலு பக்கமும் சத்தம். அப்பா பேனா மூடியைக் கழற்றிவிட்டார்.

எந்திரிச்சேன். எப்படி எந்திரிச்சேன்னு தெரியல.

“மாமா, சந்தியாகு அண்ணன் இப்ப நானூறு தாரேன்னா, நீங்க அதுக்கு மேல தருவீங்களா?”

அவ்வளவுதான் கேட்டேன். இசக்கிதுரை மாமா வாயைத் திறந்தார். திறந்துவிட்டு, சந்தியாகு அண்ணனைப் பார்த்தார்.

பின்வரிசையிலிருந்து சேசம்மாள் அத்தை: “ஏன் ஓய், அங்க என்னத்தப் பாக்கீரு? பதில் அவரு நெத்தியிலயா ஒட்டியிருக்கு?”

சிரிப்பு அடங்க நேரமாயிற்று. அப்பா பேனாவை மூடிப் பையில் குத்திக்கொண்டார். “பேனர்ல என்ன போட்டிருக்கோ அதை எழுதிக் கொண்டாங்க. அதுவரைக்கும் பேச ஒண்ணுமில்ல.”

வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றும்போது அப்பா, “அந்த ஷேக்கு அப்புறம் என்னம்மா செஞ்சாரு?” என்றார்.

“ஒரு வருசம் கையெழுத்துப் போடலப்பா.”

ஏப்ரல் 12

இன்னும் யாரும் கையெழுத்துப் போடவில்லை. அப்பா வேலை பார்க்கும் விக்ரோலி பட்டறை வாசலில் பில்டர் ஆட்கள் வந்து நின்று கேட்டார்களாம். குட் மார்னிங் சொன்னாராம், அவ்வளவுதான்.

மே 6

ஆய்வேட்டைப் போன மாதமே கொடுத்துவிட்டேன். ஷேக்குக்குத் தனி அத்தியாயம். இன்று வாய்மொழித் தேர்வில், அவர் அந்த ஒரு வருடம் என்ன செய்தார் என்று கேட்டார்கள். காத்திருந்தார் என்றேன். அது ஒரு செயலா என்றார்கள். ஆமாம் என்றேன்.

ஜூலை 24

மழை. வீட்டுக்குள் தண்ணீர், பாத்திரங்கள் மிதந்தன. இரவு அம்மா, “அந்த முந்நூத்திப்பத்தையாவது வாங்கியிருக்கலாமோ” என்றாள். என்னைப் பார்க்காமல்தான் சொன்னாள். தப்பா பேசிட்டேனோ? முப்பத்தாறு குடும்பம். நான் யாரு?

செப்டம்பர் 29

ஒரே ஆட்டோவில் இசக்கிதுரை மாமாவும் சந்தியாகு அண்ணனும் வந்து இறங்கினார்கள். கூட்டு என்பதை இனி மறைக்கவில்லை. பில்டர்கள் வாங்கிய கடனுக்கு வட்டி ஓடுகிறதாம். ஸ்டாம்ப் பேப்பரில் முந்நூற்றைம்பது.

அக்டோபர் 20

கையெழுத்து ஆகிவிட்டது. சந்தியாகு அண்ணன் வீட்டில் மதியச் சாப்பாடு. முதல் பந்தியில் அப்பா. அவருக்கு அண்ணனே கறி வைத்தார். பெண்கள் வரிசைக்கு வாளியோடு வந்தது இசக்கிதுரை மாமா.

“ஏட்டி பெட்ரோல்காரி, இன்னும் ரெண்டு துண்டு வைக்கட்டா?”

வேண்டும் என்றும் சொல்லவில்லை, போதும் என்றும் சொல்லவில்லை. இலையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நாலு துண்டு விழுந்தது.