பாட்சாவிடம் சொல்லாமல் நின்ற பாதி

3.11.2025, திங்கள்

இல்லை வே பாட்சா, நான் கள்ளாட்டம் ஆடவில்லை. என் கைச் சீட்டில் இதயம் போட்ட ஆட்டின் ஆஸ் ஒன்று. நடுவில் விரித்த அஞ்சில் நாலு ஆட்டின். நாலும் ஒன்றும் அஞ்சு, ஒரே சாதி அஞ்சு சேர்ந்தால் பெரிய கை. ஐந்தாம் கிளாஸோடு நின்றவனுக்கும் இந்தக் கணக்கு வரும். நீ என்ன சொல்லுகிறாய்? "கையில இருந்து ரெண்டு, நடுவுல இருந்து மூணு. கூடவும் கூடாது, கொறையவும் கூடாது. எத்தன மட்டம்வே சொல்லுதது?" என்று மேசையைத் தட்டுகிறாய். கையில் ஒற்றை ஆட்டின் வைத்திருப்பவனுக்கு ஒன்றும் கிடையாதாம். இது என்ன நியாயம்? ஐம்பது வருஷம் ரம்மி ஆடிய கைக்கு இதெல்லாம் சட்டென்று ஏறுமா?

அதனால்தான் உன் செருப்பில் ஒன்றை ஒளித்து வைத்தேன். பாதிப் பாதி ஆட்டம்தானே. ஒற்றைச் செருப்போடு தத்தித் தத்திப் போனாய். சிரித்துச் சிரித்து எனக்கு விக்கல் எடுத்துவிட்டது.

மைதீன் பாட்சா கப்பலில் சமையல் பார்த்தவன். பிலிப்பைன்ஸ்காரர்கள் சொல்லிக் கொடுத்த ஆட்டமாம், ஒமாகா என்று பேர். ஆளுக்கு நாலு சீட்டு. நடுவில் அஞ்சு. பெரிய கைக்குப் பாதி, சின்னக் கைக்குப் பாதி. சின்னக் கை என்றால் அஞ்சும் எட்டுக்குள் இருக்க வேண்டும், ஜோடி விழக்கூடாது. நாங்கள் காசு வைப்பதில்லை, புளியங்கொட்டைதான். காசு வைத்தால் ஹராம் என்பான். கொட்டை வைத்து ஆடுவதே அவன் வீட்டில் தெரியாது. சர்க்கரைக்கு வாக்கிங் போகிறேன் என்று சொல்லிவிட்டு, பூட்டிக் கிடக்கும் என் தையல் கடைக்கு வருகிறான். கட்டிங் மேசையில்தான் ஆட்டம்.

5.11.2025, புதன்

இன்றைக்குப் பாடம் நடந்தது. பாட்சா சொன்னதை மறக்காமல் இருக்க எழுதி வைக்கிறேன்.

எல்லாக் கையையும் ஆடக்கூடாது. பத்துக் கை வந்தால் ஏழு கையைக் கீழே வைத்துவிட வேண்டும். சின்னக் கையில் ஆஸுக்கு ஒன்று என்று கணக்கு, அதனால் ஆஸும் ரெண்டும் சேர்ந்து வந்தால் நல்லது. ஆனால் நடுவிலும் ஒரு ரெண்டு விழுந்தால் என் ரெண்டு செத்துப்போகும். அதற்குத் துணையாக ஒரு மூணும் வேண்டும். ஒன்பது, பத்து எல்லாம் வேலைக்கு ஆகாது.

முக்கியமானது இது. "பாதிக்கு ஆசப்பட்டு உள்ள வாரவன்தான்வே புதுசா ஆடுதவன். பாதி கெடைக்கும்னு நெனப்பான். அந்தப் பாதியிலயும் இன்னொருத்தன் பங்குக்கு வந்து நிப்பான். கால் பங்குதான் மிஞ்சும். முழுசையும் அள்ளுத கை வந்தா உள்ள வா. இல்லன்னா சும்மா இரு."

சும்மா இருப்பதா? எனக்கா?

6.11.2025, வியாழன்

டீக்கடையில் ஒருத்தர். வெள்ளைச் சட்டை, முன்பல்லில் ஒன்று தங்கம். "மைதீன் பாட்சா பாய் ஆளு எப்படி?" என்று மெதுவாகக் கேட்டார். இன்சூரன்ஸ் பிடிக்க வந்த ஆள் என்று நினைத்தேன். வாய் சும்மா இருக்குமா?

"பாட்சாவா? தங்கமான ஆளு. கப்பல்ல சம்பாதிச்சதுல பாதிய எங்கிட்ட சீட்டுல விட்டாச்சு. மீதியையும் தை பொறக்கதுக்குள்ள விட்டுருவாரு. நீங்களும் வந்து ஒரு கை போடுதீங்களா?"

முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு சொன்னேன். அவர் பாதி டீயை வைத்துவிட்டுப் போய்விட்டார். டீக்கடைப் பெஞ்சில் எல்லாரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

8.11.2025, சனி

எழுத வரவில்லை.

பாட்சா இன்றைக்கு ஆட்டத்தில் மனசே வைக்கவில்லை. பேத்தி அப்ரீன் பானுவுக்குக் கடையநல்லூரில் மாப்பிள்ளை பார்த்திருக்கிறார்களாம். பையன் பேர் ஆரிப், துபாயில் ஏசி மெக்கானிக். எல்லாருக்கும் பிடித்துவிட்டது. வெள்ளிக்கிழமை போன் பண்ணுகிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்னார்களாம், பண்ணவில்லை. "அவனுக்குத் தாய்மாமன் சித்தீக்னு ஒருத்தர். அவருதான் பெரிய தல. சொல்லாமக் கொள்ளாம ஊருக்குள்ள வந்து விசாரிப்பாரு போலிருக்கு. அது மொறதானவே. நாமளும் அப்படித்தான விசாரிப்போம்" என்றான்.

ஆளு எப்படி இருப்பார் என்று கேட்டேன்.

"முன்பல்லுல ஒண்ணு தங்கம்."

என் கையில் ஆஸ், ரெண்டு, மூணு, ராஜா. அப்படி ஒரு கை எனக்கு வந்ததே இல்லை. கீழே வைத்துவிட்டேன். பாட்சா புரட்டிப் பார்த்துவிட்டு, "என்னவே, பைத்தியமா? இதப்போய் யாராவது கீழ வப்பானா?" என்றான்.

தலை வலிக்கிறது என்று சொன்னேன். அவன் எழுந்துபோய் எனக்கு டீ வாங்கிக்கொண்டு வந்தான். ஐயோ.

9.11.2025, ஞாயிறு

சோறு இறங்கவில்லை.

10.11.2025, திங்கள்

பாட்சாவின் போன் அடிக்கும்போதெல்லாம் நான் சீட்டைக் கீழே வைத்துவிடுகிறேன். இன்றைக்கு நாலு தடவை அடித்தது. நாலும் யாரோ. ஒவ்வொரு தடவையும் அவன் எடுத்துப் பார்த்து, அப்புறம் என்னைப் பார்க்கிறான். ஏன் என்னைப் பார்க்கிறான்? டீக்கடைக்காரன் சொல்லியிருப்பானோ? அன்றைக்குப் பெஞ்சில் ஆறேழு பேர் இருந்தார்கள். ஒருத்தன் வாய் திறந்தால் போதும்.

நானே சொல்லிவிட வேண்டும். எப்படிச் சொல்ல? "பாட்சா, உன் பேத்தி கல்யாணத்தை ஒரு டீ குடிக்கிற நேரத்துல கெடுத்துட்டேன்"னா? அந்தப் பிள்ளைக்கு முதல் யூனிபார்ம் தைத்தவன் நான். பாக்கெட் இல்லை என்று அழுதாள். அதற்காக உள்பக்கம் ஒரு பாக்கெட் வைத்துக் கொடுத்தேன்.

சாயங்காலம் பாட்சாவின் பெண்டாட்டி சுபைதா பேகம் எங்கள் வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரி ஆறுமுகத்தாயிடம் அழுதாள். "எங்க கிட்ட என்ன கொறன்னு ஒரு வார்த்த சொல்லிட்டு நிறுத்தியிருக்கலாம்லா மைனி?" நான் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றேன். திருடன் மாதிரி.

11.11.2025, செவ்வாய்

ஆறுமுகத்தாயிடம் சொன்னேன். முதலில் சிரித்தாள்! "இதும் உங்க கோட்டித்தனமா? ஒங்க வெளையாட்டுக்கு ஒரு அளவே இல்லியா?" என்றாள். இத்தனை வருஷமாக நான் சொன்னதில் எதைத்தான் இவள் நம்பியிருக்கிறாள்? என் கண்ணில் தண்ணி வந்தபிறகுதான் நம்பினாள்.

அப்புறம் சிரிக்கவே இல்லை.

"போயி அந்தத் தங்கப்பல்லு மனுசன்கிட்டயே சொல்லுங்க. நாளைக்கே."

"அடிச்சிட்டாருன்னா?"

"வாங்கிக்கிடுங்க."

சுபைதாவிடம் பேச்சுவாக்கில் கேட்டு, சித்தீக் ஜவுளிக்கடை வைத்திருப்பதைத் தெரிந்துகொண்டு வந்தாள்.

12.11.2025, புதன்

கடையநல்லூர் பஸ் புளியங்குடி தாண்டும்வரை ஒரே யோசனை. பாட்சா சீட்டையே தொடமாட்டான், நான் சும்மா கேலி பண்ணினேன் என்று சொன்னால் போதும். சுளுவு. அவன் மானமும் போகாது. ஆனால் அதுவும் பொய்தானே? நாளைக்கு எவனாவது கட்டிங் மேசையைப் பற்றிச் சொன்னால்? பாதிக்கு ஆசைப்பட்டு உள்ளே போகிறவன் கதைதான். பாட்சா சொல்லிக் கொடுத்ததில் அந்த ஒன்றுதான் அப்போது ஞாபகத்துக்கு வந்தது.

கடைக்குள் போனதும் சித்தீக் என்னை அடையாளம் கண்டுகொண்டார். மடியில் வைத்திருந்த தகர டப்பாவைத் திறந்து புளியங்கொட்டையை எல்லாம் அவர் மேசையில் கொட்டினேன். "இதுதான் ஐயா பாட்சா எங்கிட்ட தோத்த சொத்து. ஆடுதது நெசம். காசு வச்சது பொய். நான் சொன்னது கேலிக்கு. நீங்க யாருன்னு தெரியாது" என்றேன். அங்கிருந்த ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன்.

அவர் ஒரு கொட்டையை எடுத்து உருட்டிப் பார்த்தார்.

"பெரியவரே, எங்க அக்கா ரெண்டு நாளா அழுதா, நல்ல பிள்ள கையவிட்டுப் போச்சேன்னு. ஒங்களுக்குக் கேலி."

"தப்புதான் ஐயா."

"கொட்டையோ காசோ, எங்க வீட்டுல சீட்டு சீட்டுதான். இனிமே அவரு தொடக்கூடாது. அதுக்குச் சம்மதம்னா வெள்ளிக்கெழம ஜும்ஆ தொழுகை முடிச்சு நாங்க வாரோம். நான் போன் பண்ண மாட்டேன். கெடுத்த வாயிதான் போயி சொல்லணும். எல்லாத்தையும் சொல்லணும்."

கொட்டையை டப்பாவில் அள்ளிப் போட்டுக்கொண்டேன். டீ வாங்கிக் கொடுத்தார். முழுசாகக் குடித்தேன்.

13.11.2025, வியாழன்

சாயங்காலம் பாட்சா வந்தான். வழக்கம்போலச் செருப்பை வாசலில் விட்டான். நான் தொடவில்லை.

வந்தவுடன் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இருந்தேன். அவனே சீட்டைப் போட்டுவிட்டான். கடைசியாக ஒரு கை என்று நானும் எடுத்தேன். கடைசி என்று அவனுக்குத் தெரியாது. பெரிய கை அவனுக்கு, சின்னக் கை எனக்கு. அவன் கொட்டையை ரெண்டாகப் பிரித்துக்கொண்டிருந்தான். அப்போது சொல்ல ஆரம்பித்தேன்.

நல்லதைக் கடைசிக்கு வைப்பது என் பழக்கம். எந்தக் கேலியையும் அப்படித்தான் சொல்லுவேன். முதலில் ஆளைக் கலங்கடித்துவிட்டுக் கடைசியில் சிரிக்க வைப்பேன். அதே பழக்கத்தில் டீக்கடையில் ஆரம்பித்தேன். தங்கப்பல்லைச் சொன்னேன். நான் சொன்னதை அப்படியே சொன்னேன், ஒரு வார்த்தை குறைக்காமல்.

அவன் விரல் நின்றுவிட்டது. ரெண்டு குவியலும் சமம், நடுவில் ஒற்றைக் கொட்டை.

"அப்போ சுபைதா அழுதது... இத்தன நாளும் நீ தெரிஞ்சுதான்வே எங்கூட ஒக்காந்து சீட்டு போட்ட?"

"இரு பாட்சா. நேத்து நான் கடையநல்லூருக்குப் போனேன். அந்த சித்தீக்கப் பாத்தேன். நீ சீட்டு ஆடுதத அவருகிட்ட—"

எழுந்துவிட்டான். கையை இடுப்புச் சாரத்தில் துடைத்துக்கொண்டான்.

"இன்னும் முடியல வே! கடைசியில ஒண்ணு இருக்கு, கேளு வே!"

"ஒன் கடைசி எல்லாம் எனக்குத் தெரியும்" என்றான். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

செருப்பு ரெண்டும் வாசலில் அவன் விட்ட இடத்திலேயே இருந்தன. குனிந்து தேடக்கூட இல்லை. ஒளித்து வைத்திருப்பேன் என்றே நினைத்திருப்பான். வெறுங்காலோடு தெருவில் இறங்கினான். நான் செருப்பை எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடினேன். "நாளைக்கு ஜும்ஆ முடிஞ்சு அவுக—" என்று கத்தினேன். அதற்குள் தெருமுனை திரும்பிவிட்டான்.