பாதிரியார் எனக்கு வைத்த பெயர்

நவ. 7, 1994. திங்கள்
மழையோடு பனி. பஸ் பிந்தியது. வாங்க வேண்டியவை: கையுறை, பருப்பு, ரெலிபோன் கார்ட்.

நான் வேலை செய்யும் பேக்கரி வாசலில் மறுபடி அந்தப் பாதிரியார். இங்கிலாந்துக்காரர், தொழிலாளர் பற்றிப் புத்தகம் எழுதுகிறவர். போன மாதம் தேத்தண்ணி வாங்கித் தந்தார். என் கையில் பேக்கரி அடுப்பு சுட்ட காயம் பார்த்துக் கண் கலங்கினார். நானும் வாயை அடக்காமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். கக்கூசுக்குப் போனால் மணிக்கூடு பார்க்கும் சூப்பர்வைசர் வரைக்கும். அது தேவாலயப் பத்திரிகையில் வந்துவிட்டதாம். பயப்படாதே, குகன் என்ற பெயரே அதில் இல்லை என்கிறார். முகத்தில் பெரிய திருப்தி. எனக்குப் பிடிக்கவில்லை.

நவ. 9, புதன்
வேலை நேரம் பதியக் கார்ட் அடிக்கும் மெஷினுக்கு மேலே அந்தப் பத்திரிகை. ஒரு பெயரைச் சுற்றிச் சிவப்பு வட்டம். மயில்வாகனம்.

என் அப்பாவின் பெயர். அன்றைக்கு அதையும் கேட்டார் மனிதர். குகனுக்குப் பதிலாக அதைப் போட்டுக் கௌரவிக்கிறாராம். கனடாக் கடதாசிகளில் அதுதானே எனக்கு முதல் பெயர். பேக்கரியில் என்னை வேறு பெயரால் யாரும் கூப்பிட்டதே இல்லை. உலகத்துக்கெல்லாம் நியாயம் எழுதுகிறவர் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்.

சூப்பர்வைசர் இன்று என்னைத் திட்டவில்லை. அதுதான் பயம்.

நவ. 11, வெள்ளி
வேலை போய்விட்டது. வேலைக் கடிதமாவது தா என்று சூப்பர்வைசரிடம் கேட்டேன். பாதிரியாரிடம் வாங்கு என்றான்.

அந்தக் கடிதம் இல்லாமல் மனைவி வசந்தியையும் பிள்ளையையும் கொழும்பிலிருந்து கூப்பிட முடியாது.

அறையில் கூட இருக்கும் ராசன் அண்ணை: "உந்தாளோட கதைக்காதை எண்டு அப்பவே சொன்னனான். கேட்டனியே?" பிறகு அவரே புட்டு அவித்துத் தந்தார்.

நவ. 13, ஞாயிறு
பாதிரியார் அறைக்கே வந்தார். ராசன் அண்ணையின் கட்டிலில் குந்தியிருந்து அழுதார். எனக்கு ஆத்திரம்தான் வந்தது. அழுது முடித்ததும் கொப்பியைத் திறந்தார். இதையும் எழுத வேண்டுமாம். இந்த முறை குகன் என்றே போடலாமாம், இனி இழக்க என்ன இருக்கிறது என்றார்.

அந்த நேரம் பார்த்து வசந்தியின் ரெலிபோன்.

"வேலைக் கடிதம் தந்திட்டாங்களே?"

"ஓம். தந்திட்டாங்கள்."

அவள் சிரித்தது கேட்டது. பாதிரியார் பேனையோடு காத்திருந்தார். போனை வைத்துவிட்டு, வெளியில போங்கோ என்று தமிழிலேயே சொன்னேன். அவருக்கு விளங்கிவிட்டது.