பஸ் ஸ்டாண்டு எதிரே என் முகம்

ஐப்பசி, செவ்வாய்க்கிழமை

படுத்துப் பார்த்தேன், தூக்கம் வரவில்லை. ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டு எதிரே இன்று ஒரு பிளெக்ஸ் பேனரில் என்னையே பார்த்தேன். புது டிராக்டரில் உட்கார்ந்து சிரிக்கிறேன். கீழே, 'பழசை விட்டேன், இதுக்கு மாறினேன்' என்று போட்டிருக்கிறது. நான் எதையும் விடவில்லை. போன மாதம் அந்தக் கம்பெனிக்காரர்கள் வத்திராயிருப்பில் எங்கள் வயலுக்கு டெமோ காட்ட வந்தார்கள். ஒரு சுற்று ஓட்டிப் பார்த்தேன், அப்போது போனில் படம் எடுத்தார்கள். அவ்வளவுதான். உழவுக்கு இன்றும் என் பழைய வண்டிதான்.

நேரே அவர்கள் ஷோரூமுக்குப் போனேன். மேனேஜர் டீ வரவழைத்தார்.

"கோவிக்காதீங்கக்கா. நாப்பத்தஞ்சு எச்.பி. வண்டியில அம்புட்டுக் கம்பெனியும் மோதுது. பொம்பள ஓட்டுற மாதிரி படம் எங்களுக்கு எங்க கெடைக்கும்?"

"மாதிரியா? நான்தான ஓட்டுனேன். போடுறதுக்கு முன்னால ஒரு வார்த்த கேட்டீகளா?"

டீயைத் தொடவில்லை. பேனரைக் கழற்றும் வரை எழுந்திருக்க மாட்டேன் என்றேன். ஆள் அனுப்பிக் கழற்றினார்கள்.

வீடு வந்ததும், என் பழைய வண்டியை எனக்கு விற்ற ராஜபாளையம் டீலர் போன் செய்தார். பேனரைப் பார்த்து மனம் சங்கடப்பட்டிருப்பாரே என்று நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் காதில் வாங்கவே இல்லை.

"அத விடுங்கக்கா. அதே எடத்துல நம்ம வண்டியோட உங்க படத்தப் பெருசா வச்சிருவோம். காலையில போட்டோகிராபர் வாரான். வண்டி கலருக்குத் தோதாச் சேல கட்டிக்கிருங்க."

வேண்டாம் என்று வைத்துவிட்டேன். என்ன சேலை கட்டுவது என்று என் வீட்டுக்காரர்கூட இதுவரை எனக்குச் சொன்னதில்லை.